உயிர்க்கலமும் அதன் கொழுகொம்பும்

பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்கொடிக்குப் பாரி வள்ளல் தன் தேரையே ஈந்தான் என்னும் செய்தியைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். கொடையின் சிறப்பைக் காட்டவே புலவர் அதனைப் போற்றினர். ஆயினும் அச்செய்தியினுள் உயிரியல் உண்மையொன்றும் அடங்கியுள்ளது. கொடிக்கு மண்ணும் நீரும் ஒளியும் மட்டும் போதா. பற்றிக்கொள்ள ஒரு பொருளும் வேண்டும். நமது உடலை ஆக்கும் உயிர்க்கலங்களுட் பெரும்பாலானவையும் இத்தகையனவே. உணவும் பிராணவாயுவும் குறைவின்றிக் கிடைத்தாலும், பற்றுதற்கு இடமில்லாத கலம் பெருகுவதில்லை. பல வேளைகளில் தானே மடிந்தும் போகின்றது. இவ்வுண்மையை மனிதர் எவ்வாறு உணர்ந்தனர், கலத்துக்கேற்ற கொழுகொம்பைத் தம் கையால் ஆக்க எவ்வாறு முயன்றனர், அம்முயற்சியில் எங்கே வென்றனர், எங்கே தவறினர் என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம். இத்துறைக்கு இழையப் பொறியியல் என்பது பெயர்.

வரலாறு ஒரு துளி நிணநீரில் தொடங்குகின்றது. 1907ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய றொஸ் ஹரிசன் என்னும் விலங்கியலறிஞர், தவளையின் முளையத்திலிருந்து நரம்பு தோன்றும் பகுதியைச் சிறிது வெட்டியெடுத்து, தவளையின் நிணநீர்த் துளியொன்றில் இட்டு, கண்ணாடித் தகட்டின் அடியில் தொங்கவிட்டார். நிணநீர் உறைந்து மெல்லிய வலைபோலாயிற்று. அவ்வலையினூடே நரம்புக்கலத்திலிருந்து நார் நீண்டு வளர்வதை அவர் நுணுக்குக்காட்டியின் வழியே தம் கண்ணாற் கண்டார். உடலுக்கு வெளியே இழையத்தை உயிருடன் வளர்க்கலாம் என்பதற்கு இது தலைசிறந்த சான்றாயிற்று.

ஹரிசன் அத்துடன் நின்றாரல்லர். யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின், கலம் எதனைப் பற்றிக்கொண்டு நகர்கின்றது என்னும் வினாவை எழுப்பினார். அதற்கு விடைகாண அவர் நாடியது சிலந்தியின் நூலை. திரவத்தினுள்ளே சிலந்தி நூலை இழுத்துக் கட்டி, கலங்களை அங்கே விட்டபோது, அவை அந்நூலைப் பற்றி, அதன் வழியே நீண்டு, அதன் திசையிலேயே சென்றன. தாங்குபொருள் இல்லாத திரவத்தில் அவை அவ்வாறு செல்லவில்லை. 1914ஆம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சி நமக்கு இரண்டு செய்திகளைக் கூறிற்று. கலத்துக்குப் பற்றுக்கோடு வேண்டும் என்பது ஒன்று. அப்பற்றுக்கோட்டின் வடிவமே கலத்தின் நடத்தையை ஆளுகின்றது என்பது மற்றொன்று. பிற்காலத்தார் பெரும் பொருட்செலவில் நிறுவிய உண்மையின் வித்து இந்தச் சிலந்தி நூலிலேயே இருந்தது.

அங்ஙனமாயின், உடலினுள்ளே சிலந்தி நூலின் இடத்தை வகிப்பது யாது? அது கொலாஜன் என்னும் புரதம். தோலுக்கு உறுதியையும் தசைநாணுக்கு வலிமையையும் என்புக்கு இணக்கத்தையும் தருவது இதுவே. பதனிட்ட தோலில் எஞ்சி நிற்பதும் பெரும்பாலும் இதுவே. இப்புரதத்தின் அமைப்பைக் கண்ட வரலாறு தமிழகத்துடன் நெருங்கிய தொடர்புடையது. 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது ஜி. என். இராமச்சந்திரனுக்கு வயது முப்பதும் நிரம்பவில்லை. அக்காலத்தில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் ஜே. டி. பேர்னல், கொலாஜனின் அமைப்புப் பற்றி அதுவரை கூறப்பட்டவை எவையும் மனநிறைவு தருவனவாக இல்லை என எடுத்துரைத்தார். இராமச்சந்திரன் அவ்வினாவைத் தமதாக்கிக்கொண்டார். கங்காருவின் வாற் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். அப்புரதத்தின் அமினோவமிலங்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று கிளைசின் என்னும் மிகச் சிறியதாக இருப்பது அவர் கருத்தை ஈர்த்தது. மூன்றில் ஒவ்வொன்றும் சிறியதாயின், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி முறுக்குண்டு நிற்றல் கூடும் அல்லவா? தம் மாணவர் கோபிநாத் கார்த்தாவுடன் சேர்ந்து அவர் 1954ஆம் ஆண்டில் இம்முப்புரி அமைப்பை வெளியிட்டார். மறு ஆண்டிலே அதனைத் திருத்தி, முறுக்கின்மேல் முறுக்காக அமைந்த மும்மைச் சுருள் என விளக்கினார்.

கேம்பிரிட்ஜில் இருந்த பிரான்சிஸ் கிறிக்கும் அலெக்சாண்டர் றிச்சும் இதனை முழுவதும் ஏற்கவில்லை. சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கின்றன எனக் கூறித் தம்முடைய திருத்தத்தை வெளியிட்டனர். இராமச்சந்திரன் வாதத்திலே காலம் கழிக்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் வினாவை அடிப்படையிலிருந்தே ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி, 1963ஆம் ஆண்டில் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடமாகக் கனிந்தது. புரதங்களின் அமைப்பைச் சரிபார்ப்போர் உலகெங்கும் இன்றும் அதனை இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகின்றனர். கொலாஜன் முப்புரியாலானது என்னும் அடிப்படைக் கருத்தும் 1994ஆம் ஆண்டின் பளிங்கு ஆராய்ச்சியால் உறுதிபெற்றது.

இங்கே அளவைப் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கின் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். நமது தலைமயிரின் தடிப்பு பல பத்தாயிரம் நனோமீற்றர். உடற்கலம் ஒன்றின் அகலம் பொதுவாகப் பதினாயிரம் நனோமீற்றருக்கு மேற்பட்டது. கொலாஜன் மூலக்கூறோ 1.5 நனோமீற்றர் தடிப்பும் 300 நனோமீற்றர் நீளமும் உடையது. இத்தகைய மூலக்கூறுகள் பல சேர்ந்து, சில பத்து முதல் சில நூறு நனோமீற்றர் தடிப்புள்ள நுண்ணார்களாகின்றன. இந்நுண்ணார்களில் 67 நனோமீற்றருக்கு ஒருமுறை வரிகள் தோன்றுவதை இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டுகின்றது. எனவே, உடலினுள்ளே கலம் அமர்ந்திருப்பது சமமான தரையிலன்று. தன்னினும் மிக நுண்ணிய நூல்களாலான வலையின் நடுவிலே.

கொலாஜனின் அமைப்பை அறிந்தமை அறிவுக்கு விருந்தாயிற்று. அதனை உயிர் காக்கும் மருந்தாக்கும் தேவை தீக்காய விடுதிகளில் எழுந்தது. உடலின் பெரும்பகுதி வெந்தவர்களுக்குத் தீ அணைந்த பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. தோலாகிய வேலி அழிந்தமையால் உடலின் நீர் வெளியேறுகின்றது; நோய்க்கிருமிகள் உட்புகுகின்றன. நோயாளியின் உடலில் எஞ்சிய தோலை எடுத்து ஒட்டுவதே சத்திரவைத்தியர் கண்ட வழி. எஞ்சிய தோல் போதாவிடின் என் செய்வது?

பொஸ்ரன் நகரத்தில் தீக்காய வைத்தியராக இருந்த ஜோன் பேர்க்கும், மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கிரேக்க நாட்டவரான அயோனிஸ் யனாசும் இவ்வினாவுடன் ஒன்றுசேர்ந்தனர். மாட்டின் கொலாஜனையும் சுறாவின் கசியிழையத்திலிருந்து பெற்ற ஒரு சர்க்கரைப் பொருளையும் கலந்து, கடற்பஞ்சு போன்ற துளைகளுடைய மெல்லிய தகட்டை ஆக்கினர். அதன்மேல் சிலிக்கோன் போர்வையொன்றை அமைத்தனர். காயத்தின்மேல் இதனை வைத்தபோது, கீழிருந்த கலங்கள் துளைகளினுள் ஏறிக் குடியேறின. புதிய இரத்தக்குழாய்களும் தோன்றின. வைத்த கொலாஜன் சிறிது சிறிதாகக் கரைய, அதன் இடத்தை நோயாளியின் சொந்த உட்தோல் பெற்றது. சில கிழமைகளின்பின் சிலிக்கோனை உரித்து, மிக மெல்லிய மேற்தோலை ஒட்டினாற் போதுமானதாயிற்று. பத்து நோயாளிகளுக்குச் செய்த இச்சிகிச்சையை அவர்கள் 1981ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது. துளைகளின் பருமனும் தகடு கரையும் வேகமும் மாறினால் பயன் குன்றிற்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பொருள் மட்டுமன்று, அதன் நுண்ணமைப்பும் மருந்தே என்பது இதனாற் புலனாயிற்று.

அதே காலத்தில் ஹவார்ட் கிறீன் என்பவர் மற்றொரு வழியிற் சென்றார். அவரும் ஜேம்ஸ் றைன்வால்டும் மேற்தோற் கலங்களைக் கண்ணாடிக் கலயத்தில் பெருக்கும் முறையை 1975ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். 1983ஆம் ஆண்டில், உடலின் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெந்த நிலையில், ஐந்தும் ஆறும் வயதுடைய இரு சிறுவர் பொஸ்ரனுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களிடம் எஞ்சியிருந்த சிறிதளவு தோலிலிருந்து கலங்களை எடுத்து, தகடு தகடாக வளர்த்து, மீண்டும் அவர்தம் உடலிலே போர்த்தனர். இருவரும் பிழைத்தனர். ஒரு தலைமுறைக்கு முன்னர் அத்தகைய குழந்தைகளுக்கு வைத்தியர் கூறக்கூடியதாயிருந்தது ஆறுதல் ஒன்றே.

தோலிற் கண்டதை ஏனைய உறுப்புகளுக்கும் விரிக்கலாம் என்னும் ஆவல் பின்னர் பிறந்தது. குழந்தைகளுக்கு ஈரல் மாற்றும் சத்திரவைத்தியரான ஜோசப் வக்கன்ரி, தானம் செய்யப்படும் உறுப்புகள் போதாமையால் குழந்தைகள் இறப்பதைக் கண்டு வருந்தியவர். அவர் இரசாயனப் பொறியியலாளரான ரொபேட் லாங்கருடன் சேர்ந்தார். காயம் தைத்தபின் தானே கரைந்துபோகும் நூலாகச் சத்திரவைத்தியர் அறிந்திருந்த செயற்கைப் பொருளை வலையாக்கி, அதிற் கலங்களை விதைத்து வளர்ப்பதே அவர்களுடைய திட்டம். கட்டடம் எழும்வரை சாரக்கட்டு நிற்கும். எழுந்தபின் அது அகற்றப்படும். ஆயின் இங்கே அகற்றுவாரின்றித் தானே மறைந்துபோகும். 1987ஆம் ஆண்டளவில் இழையப் பொறியியல் என்னும் பெயர் அமெரிக்க அறிஞர் கூட்டங்களில் நிலைபெற்றது. 1993ஆம் ஆண்டில் இவ்விருவரும் எழுதிய கட்டுரை அத்துறையை உலகறியச் செய்தது.

எனினும் ஒரு குறை இருந்தது. அவ்வலையின் நூல்கள் கலத்தை ஒத்த பருமனுடையன. அத்தகைய நூலின்மேல் கலம் தரையில் விரித்த பாய்போலத் தட்டையாகக் கிடந்தது. கலத்தின் கை எதனைப் பற்றுகின்றது என்பதை மேலும் நுணுகி அறிய வேண்டியதாயிற்று. 1984ஆம் ஆண்டில் பியர்ஷ்பாகர், ருவோஸ்லாரி என்னும் இருவர், கலம் பற்றும் புரதமொன்றிலே அப்பற்றுதலுக்குக் காரணமான பகுதி மூன்று அமினோவமிலங்களை நடுவாகவுடைய மிகச் சிறு துண்டு எனக் கண்டிருந்தனர். இருபது ஆண்டுகளின் பின், 2004ஆம் ஆண்டில், ஜேர்மனியில் ஜோகிம் ஸ்பாற்ஸ் குழுவினர் மிகச் சிறிய பொற்புள்ளிகளை ஒழுங்காகப் பரப்பி, ஒவ்வொரு புள்ளியிலும் அத்துண்டை ஒட்டி, அவற்றின்மேற் கலங்களை விட்டனர். புள்ளிகளுக்கிடையே 58 நனோமீற்றர் இருந்தபோது கலங்கள் உறுதியாகப் பற்றின. 73 நனோமீற்றராக இடைவெளி பெருகியதும் அவை நன்கு பற்ற இயலாமற் போயின. வேறுபாடு 15 நனோமீற்றரே. 2007ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் மத்தியூ டல்பி குழுவினர், 120 நனோமீற்றர் அகலமுள்ள குழிகளைச் சற்றே ஒழுங்கு குலைத்து அமைத்தமையாலேயே, வேறு மருந்தின்றி, மூலக்கலங்களை என்பு ஆக்கும் வழியில் திருப்பலாம் எனக் காட்டினர். ஹரிசனின் சிலந்தி நூல் கூறிய செய்தியை இவ்வாராய்ச்சிகள் எண்ணால் அளந்து கூறின.

இனி, அத்துணை நுண்ணிய நூலை நூற்பது எவ்வாறு? இதற்கான கருவி வேறு நோக்கங்களுக்காக முன்னரே தோன்றியிருந்தது. கரைசலொன்றை ஊசியின் முனையில் வைத்து, பல்லாயிரம் வோற்று மின்னழுத்தம் ஊட்டினால், துளி கூம்பாக நீண்டு, அதன் நுனியிலிருந்து மெல்லிய தாரை பாயும். பாயும்போதே கரைப்பான் ஆவியாக, நூல் எஞ்சும். இம்முறைக்கு ஜோன் கூலி என்பவர் 1902ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் உரிமைப்பத்திரம் பெற்றார். 1934ஆம் ஆண்டில் அன்ரன் போர்மால்ஸ் என்பவர் துணித் தொழிலுக்காக அதனைத் திருத்தினார். சோவியத் நாட்டில் 1938ஆம் ஆண்டு தொடக்கம் பெத்ரியானொவ் முதலியோர் அதனை நச்சுப்புகை தடுக்கும் முகமூடிகளுக்குப் பயன்படுத்தினர். போர்க்காலத்தில் மூச்சைக் காத்த நூல் பின்னர் அறிவுலகில் அதிகம் பேசப்படாமற் கிடந்தது. 1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் அக்ரன் பல்கலைக்கழகத்தில் டரெல் றெனக்கர் அதனை மீண்டும் ஆராயத் தொடங்கினார். 2002ஆம் ஆண்டில் டிரெக்செல் பல்கலைக்கழகத்தார் அம்முறையால் நூற்ற கரையும் வலையிற் கலங்களை வளர்த்துக் காட்டினர். அவ்வாண்டிலேயே வேர்ஜீனியாவில் கரி போலின் குழுவினர் கொலாஜனையே அவ்வாறு நூற்றனர். உடலின் நூலுக்கு நிகரான நூல் இவ்வாறு மனிதர் கைக்கு வந்தது.

நூற்காமலே தானாக நூலாகும் பொருளும் உண்டு. கொலாஜன் வாதத்திலே இராமச்சந்திரனுக்கு எதிர்நின்ற அலெக்சாண்டர் றிச் பின்னர் மசச்சூசெற்ஸில் பேராசிரியரானார். அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் 1990ஆம் ஆண்டில் சுகுவாங் சாங் என்னும் சீன அறிஞர், மதுவத்தின் புரதமொன்றை ஆராயும்போது, 16 அமினோவமிலங்களையுடைய ஒரு துண்டு உப்புநீரில் இட்டதும் தானே வலையாகத் திரள்வதைக் கண்டார். இவ்வாறு திரளும் கூழ்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் நீரே. எஞ்சியது பத்து நனோமீற்றர் அளவான நார்வலை. அவ்வகைத் துண்டொன்று 2006ஆம் ஆண்டில் அறுபட்ட பார்வை நரம்புப் பாதையை எலியினத்து விலங்கொன்றில் இணையச் செய்தது. 2021ஆம் ஆண்டில் சாமுவேல் ஸ்ரப் குழுவினர் ஆக்கிய வேறொரு நனோ நார், முண்ணாண் சிதைந்த சுண்டெலிகளை மீண்டும் நடக்கச் செய்தது. இவை விலங்குகளிற் பெற்ற வெற்றிகள் என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாறு மறந்ததன் விளைவை ஐரோப்பா கண்டது. 2011ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சுவீடனின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக வைத்தியசாலையில், பாவுலோ மக்கியரினி என்னும் சத்திரவைத்தியர் நனோ கலவைப் பிளாஸ்ரிக்கால் வார்த்த மூச்சுக்குழாயொன்றில் நோயாளியின் மூலக்கலங்களை விதைத்து, அதனை அவர் உடலிற் பொருத்தினார். உலகப் பத்திரிகைகள் புகழ்ந்தன. முறையான விலங்குச் சோதனை அதற்கு முன்னர் நடைபெறவில்லை. அக்குழாயில் இரத்தக்குழாய்கள் ஊடுருவவில்லை. உயிருள்ள உட்போர்வை வளரவில்லை. அவ்வைத்தியசாலையில் இவ்வாறு குழாய் பெற்ற மூவரும் காலப்போக்கில் இறந்தனர். உடன்பணியாற்றிய வைத்தியர் நால்வர் 2014ஆம் ஆண்டில் முறையிட்டனர். அவர்கள் சொல் முதலில் ஏற்கப்படவில்லை. 2018ஆம் ஆண்டிலேதான் அந்நிறுவனம் அறிவியல் ஒழுக்கக்கேடு நிகழ்ந்தது எனத் தீர்மானித்தது. 2023ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மக்கியரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இத்துன்பத்துக்கு நனோ நூல் பொறுப்பன்று. சோதித்தறியாமல் அதன் பெயரை நம்பியதே பொறுப்பு. கலம் தனக்கு வேண்டுவதை ஒளிப்பதில்லை. கேட்பார்க்கு அது விடை கூறுகின்றது. இரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொன்றுக்கு மேல் விலகிய கலம் பொதுவாக மூச்சுமுட்டி இறக்கும் என்பதும் அவ்விடைகளுள் ஒன்று. தோல் மெல்லியது, ஆதலால் வெற்றி விரைந்து வந்தது. ஈரலும் சிறுநீரகமும் இதயமும் தடித்தவை. அவற்றினுள்ளே இரத்தப் பாதைகளை அமைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. மின்னால் நூற்ற வலைகளும் பல வேளைகளில் மிக நெருக்கமாக அமைந்து, கலங்களை உள்ளே புகவிடாது தடுக்கின்றன. இவையெல்லாம் தீர்க்கவேண்டிய சிக்கல்களேயன்றி மறைக்கவேண்டிய குறைகளல்ல.

தவளை நரம்பின் நார் வளர்ந்ததைக் கண்டதிலிருந்து, வெந்த குழந்தைக்கு அதன் தோலையே வளர்த்துப் போர்த்தும் காலம் வரை, எழுபத்தாறு ஆண்டுகள் சென்றன. யனாசும் பேர்க்கும் தம் ஆக்கத்தை வெளியிட்டபின், அது அரச அனுமதி பெறப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. காத்திருக்கும் நோயாளிக்கு இக்காலம் நெடிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அக்காலத்தைக் குறுக்க முயன்றோர் நோயாளியின் காலத்தையே குறுக்கினர் என்பதையும் வரலாறு காட்டுகின்றது. கொடிக்குத் தேரை ஈந்த வள்ளல் முதலில் அக்கொடி எதற்காக வாடுகின்றது என்பதை நின்று நோக்கினான். இழையப் பொறியியலின் நல்ல வெற்றிகள் யாவும் அவ்வாறு நின்று நோக்கியவர்களாலேயே கிடைத்துள்ளன.